சம்பந்தி வண்டியை நகர்த்திய குற்றம்

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில், துறைமுகத்தின் இரண்டாம் வாயிலில், அடுத்தவர் தீப்பெட்டியைக்கூடக் கேட்காமல் எடுத்தறியாத ஒரு லாரி ஓட்டுநர்மீது வண்டித் திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டது. திருடப்பட்டதாகச் சொல்லப்பட்டது அவருடைய சம்பந்தியின் வண்டி. அதை அவர் ஓட்டிச் சென்ற தொலைவு ஒரு வண்டியின் நீளத்துக்குச் சற்றே கூடுதல். அந்தத் தொலைவுக்காக அவருடைய நுழைவு அட்டை பறிக்கப்பட்டது. இது அநியாயம். அநியாயத்தை அநியாயம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குவதுதான் முறை.

அந்த ஓட்டுநருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அட்டையில் மட்டும் இருந்தது. துறைமுகத்தில் அவர் அரைக்கண். இருக்கையில் சாய்ந்து உறங்கும்போதும் அவருக்கு ஒரு கண் பாதி திறந்திருக்கும்; முன்னால் நிற்கும் வண்டி ஒரு முழம் நகர்ந்தாலும் மனிதர் எழுந்துவிடுவார். இந்தத் திறமை பிறவியில் வந்ததன்று, வரிசை கற்றுக்கொடுத்தது.

இன்று வேலைக்குச் சேரும் ஓட்டுநர்களுக்கு வரிசை என்றால் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நாளில் கப்பலிலிருந்து பெட்டி எப்போது இறங்கும் என்பதைக் கப்பலும் அறியாது, கிரேனும் அறியாது. ஆகவே லாரிகள் முந்தின நாளே வந்து நின்றுவிடும். வாயிலில் தொடங்கும் வரிசை மதில் ஓரமாகவே நீண்டு, கிடங்குகளைக் கடந்து, ரயில் கேட்டையும் தாண்டி, பெரிய சாலையின் வளைவில் போய் முடியும். அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற அச்சத்தில் எவரும் எஞ்சினை அணைப்பதில்லை. அத்தனை எஞ்சின்களும் நின்ற இடத்திலேயே நின்று புகை கக்கும். மதிலில் ஆள் உயரத்துக்குக் கரி ஏறியிருக்கும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். வீடு திரும்பும் அரைக்கண்ணை அவர் மனைவி நேரே பின்பக்கக் குழாயடிக்கு அனுப்பி, தலை முழுகி வந்த பின்னரே கூடத்துக்குள் விடுவார்.

அப்படிப்பட்ட வரிசைக்கு ஓர் எழுதாச் சட்டம் இருந்தது. வண்டியை விட்டு இறங்குகிறவர் சாவியை எடுக்கக்கூடாது, கதவைப் பூட்டக்கூடாது. முன்னால் இடம் விழுந்தால், அருகில் இருப்பவர் யாராயினும் ஏறி, ஆளில்லாத அந்த வண்டியை நகர்த்திவிட்டு இறங்க வேண்டும். நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர் விழுந்துவிட்டது. பிற்பாடு அவர் ஓய்வு பெற்றுப் போகும் நாள்வரை அந்தப் பெயர் கழலவில்லை.

இந்தச் சட்டத்தின் பயனை முழுமையாக அனுபவித்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு ஊர்வலம் என்று பெயர். வண்டியை நிறுத்தியதும் இறங்கிவிடுவார். வரிசையின் முதல் வண்டியில் தொடங்கிக் கடைசி வண்டிவரை நடப்பார். ஒவ்வொரு சன்னலிலும் நின்று வீட்டு நலம் விசாரிப்பார். ஒருவருடைய பல்வலியை இன்னொருவரிடம் சொல்லி, அவரிடமிருந்து மருந்து கேட்டு வந்து முதலாமவரிடம் சேர்ப்பார். ‘ஊர்வலம் கிளம்பிருச்சு’ என்று யாரேனும் குரல் கொடுத்தால், அவருடைய வண்டி இனி அரைக்கண்ணின் பொறுப்பு என்று பொருள். ஏனெனில், ஊர்வலத்தின் வண்டிக்குப் பின்னால் எப்போதும் அரைக்கண்ணின் வண்டிதான் நிற்கும். இருவரும் பேசிவைத்துக்கொண்டு அப்படி வருவார்கள். முன்னால் இடம் விழுந்ததும் அரைக்கண் முதலில் ஊர்வலத்தின் வண்டியை நகர்த்துவார். பிறகு ஓடி வந்து தம் வண்டியை நகர்த்துவார். என் வண்டியை ஓட்டியதைவிட அவன் வண்டியைத்தான் அதிகம் ஓட்டியிருக்கிறேன் என்று வீட்டில் அலுத்துக்கொள்வார். அலுப்பு வாயளவில்தான்.

அவர்கள் சம்பந்திகளானதும் அந்த வரிசையில்தான். ஒரு கிரேன் பழுதாகி, வரிசை நின்ற இடத்தில் வேரூன்றிவிட்ட நாள் அது. ஊர்வலம் எங்கும் போகாமல் அரைக்கண்ணின் வண்டிப் படியில் வந்து உட்கார்ந்தார். அதுவே ஓர் அதிசயம்.

“உன் பொண்ணுக்கு எங்கயாவது பாக்குறியாடா?”

“பாக்கணும்.”

“எங்க வீட்ல ஒருத்தன் சும்மா இருக்கான்.”

“சும்மா இருக்கறவனுக்கா என் பொண்ணக் குடுப்பேன்?”

“வேலைக்குப் போறான்டா. கல்யாணம் ஆகாம சும்மா இருக்கான்னு சொன்னேன்.”

அரைக்கண் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து வரிசை அசைந்தது. ‘இரு, வண்டிய நகத்திட்டு வரேன்’ என்று இறங்கிப் போய், இரண்டு வண்டிகளையும் நகர்த்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்துதான் சம்மதம் சொன்னார். பெண் கொடுப்பதைவிட வண்டி நகர்த்துவது இவனுக்கு முக்கியமாகப் போய்விட்டது என்று ஊர்வலம் அந்தக் கதையைக் கல்யாணப் பந்தியில் எல்லாருக்கும் சொன்னார்.

திருமணத்துக்குப் பின்னர் ஓர் இடைஞ்சல் முளைத்தது. பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் ‘வாடா போடா’ என்று பேசிக்கொள்வது அழகாக இல்லை என்று இரு வீட்டுப் பெண்களும் முடிவு செய்தார்கள். அன்றுமுதல் வீட்டில் ‘வாங்க சம்பந்தி’, ‘உக்காருங்க சம்பந்தி’. வரிசையில் மட்டும் பழையபடி ‘டேய்’. அதனாலேயே இருவரும் வரிசைக்குச் சற்று ஆவலோடு கிளம்பினார்கள் எனலாம்.

பிறகு துறைமுகம் மாறத் தொடங்கியது. புகையைக் குறைத்தே தீருவது என்று மேலிடம் உறுதி பூண்டது. கரைக்கு வந்து நின்ற கப்பல்கள் தம் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து கம்பிவடம் வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டன. கப்பல் புகைபோக்கியின் மேல் காக்கை உட்காருவதை அரைக்கண் தம் வாழ்வில் முதன்முறையாகப் பார்த்தார். டீசல் லாரிகள் போய் மின்சார லாரிகள் வந்தன. உள்ளே பெட்டிகளை இழுக்கும் வண்டிகளுக்கு ஓட்டுநரே இல்லாமற்போனார். கிரேனை எங்கோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு லாரிக்கும் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். குறித்த நேரத்துக்கு முன்னாலும் வரக்கூடாது, பின்னாலும் வரக்கூடாது. வாயிலில் ஒரு கேமரா வண்டி எண்ணைப் படிக்கும். இன்னொன்று முகத்தைப் படிக்கும். தடுப்புக் கம்பம் உயரும். வரிசை ஒரே ஆண்டில் இல்லாமல் போயிற்று.

இவையெல்லாம் நல்லவை. அரைக்கண்ணே ஒப்புக்கொள்வார். அவருடைய இருமல் நின்றது. மதிலுக்கு வெள்ளையடித்தார்கள், அது வெள்ளையாகவே நின்றது. வேலை முடிந்து வீட்டுக்குச் சட்டைக் கசங்கலோடு திரும்பினாரே ஒழியக் கரியோடு திரும்பவில்லை. ஆயினும், ஒரு மனிதரிடமும் வாய் திறக்காமல் ஒரு நாள் வேலையை முடித்துவிட முடிகிறது என்பது அவருக்கு உறுத்தியது. ஊர்வலத்தின் நேரம் ஒன்று, அவருடைய நேரம் வேறொன்று. இருவரும் சந்தித்துக்கொண்டது வீடுகளில்தான், தேய்த்த சட்டையோடு. ‘சாப்பிட்டீங்களா சம்பந்தி’ என்பார் ஒருவர். ‘ஆச்சு சம்பந்தி’ என்பார் மற்றவர். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புகைக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது? ஒருநாள் மனைவியிடம் மட்டும் அந்த வரிசை நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிப் பார்த்தார்.

“இருக்கும் இருக்கும். அந்தக் கரிய நான்ல தொவச்சேன்” என்றார் மனைவி. அத்துடன் பேச்சு முடிந்தது.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. வாயிலில் நேரத்தைச் சரிபார்க்கும் கணினி நின்றுவிட்டது. கம்பம் உயரவில்லை. குறித்த நேரத்துக்கு வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. சற்று நேரத்தில் மதில் ஓரமாக ஒரு வரிசை, சிறியதே எனினும் உண்மையான வரிசை, உருவாகிவிட்டது. அன்றைக்கு அடுத்தடுத்த நேரம் கிடைத்திருந்ததால் ஊர்வலத்தின் வண்டி முன்னாலும் அரைக்கண்ணின் வண்டி அதற்கு அடுத்தும் நின்றன. அது திட்டமிட்டதன்று, வாய்த்தது.

முன் வண்டியின் கதவு திறந்தது. ஊர்வலம் இறங்கினார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு வரிசையைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார். காணாமற்போன மாட்டைக் கண்டுபிடித்தவரைப்போல அவர் முகம் மலர்ந்தது.

“டேய் அரைக்கண்ணு, வரிசைடா.”

“தெரியுதுடா. போயிட்டு வா.”

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். ஊர்வலம் கிளம்பினார். பின்னாலிருந்து ஒவ்வொரு சன்னலாகச் சிரிப்புக் கேட்டது. அரைக்கண் இருக்கையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடி மற்றதைப் பாதி மூடினார். பல ஆண்டுகளாக வேலைநேரத்தில் அவர் அவ்வளவு நிம்மதியாகச் சாய்ந்ததில்லை.

கணினி உயிர் பெற்றது. முன்னால் நின்ற ஒரே வண்டி வாயிலுக்குள் போயிற்று. பழைய நாளாக இருந்திருந்தால், முதல் எஞ்சின் உறுமுவது வரிசையின் கடைசிவரை அலைபோல் பரவும். ஊர்வலம் வேட்டி தடுக்கத் தடுக்க ஓடி வருவார். மின்சார வண்டி உறுமாது. ஓசையே இல்லாமல் முன்னிடம் காலியாயிற்று. வரிசையின் கடைசியில் யாருடைய சன்னலிலோ தொங்கிக்கொண்டிருந்த ஊர்வலத்துக்கு அது தெரிய வழியில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

அரைக்கண் யோசிக்கவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கம் யோசனைக்குக் காத்திருப்பதில்லை. இறங்கினார், முன் வண்டியில் ஏறினார், இப்போதெல்லாம் சாவி என்பது ஓர் அட்டை, அது அதன் இடத்திலேயே செருகியிருந்தது, வண்டியை முன்னால் நகர்த்தினார்.

பழைய வரிசையில் அப்படி நகர்த்தினால் முன்னால் இன்னொரு வண்டியின் முதுகு இருக்கும். இங்கே கேமரா இருந்தது. அது வண்டி எண்ணைப் படித்து, வந்திருப்பவர் ஊர்வலம் என்று எண்ணிக் கம்பத்தைப் பாதி உயர்த்தியது. பிறகு முகத்தைப் படித்தது. முகம் வேறு. மணி அலறியது. எல்லா வாயில்களும் ஒரே சமயத்தில் அடைத்துக்கொண்டன. காவலர்கள் ஓடி வந்தார்கள்.

இது யாருடைய வண்டி என்று கேட்டார்கள். என் சம்பந்தியுடையது என்றார் அரைக்கண். சம்பந்தி எங்கே என்று கேட்டார்கள்.

“பின்னால ஊர்வலம் போயிருக்காருங்க.”

“ஊர்வலமா? இன்னைக்கு யாருக்கும் அனுமதி குடுக்கலையே” என்றார் இளங்காவலர், கவலையோடு.

சிரிக்க வேண்டிய இடம்தான். அரைக்கண் சிரிக்கவில்லை. அதற்குள் அவருக்கு விபரீதம் புரிந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்குகிற ஓட்டுநர் சாவி அட்டையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்பது புதிய விதி. எடுக்காமல் போனால் அவருடைய நுழைவு அட்டை முடக்கப்படும். ஆகவே, சாவி வண்டியிலேயே இருந்தது என்று அரைக்கண் வாயைத் திறந்து சொன்னால், திருட்டுக் குற்றத்திலிருந்து தப்பித்துக்கொள்வார். ஆனால் ஊர்வலத்தின் வேலை போகும். ஊர்வலத்தின் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. ஊர்வலத்தின் மகனான மாப்பிள்ளை, பழைய வேலையை விட்டுவிட்டு, கிரேனை அறைக்குள்ளிருந்து இயக்கும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். இன்னும் சம்பளம் வரவில்லை. அந்த அடுப்பின் முன் நிற்பவள் அரைக்கண்ணின் ஒரே மகள்.

அவருடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பிற்பகல் விசாரணை என்று ஒரு சிற்றறையில் உட்காரவைத்தார்கள். செய்தி காற்றைவிட வேகமாக வீட்டுக்குப் போயிருந்தது. மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

“கட்டிக்குடுத்த வீட்டு வண்டியவா? வேற வண்டியே கெடைக்கலையா உங்களுக்கு?”

திருடவில்லை, நகர்த்தினேன் என்று அரைக்கண் விளக்கினார். அப்படியானால் அதைச் சொல்லித் தொலையுங்கள் என்றார் மனைவி. சொன்னால் நம் மகள் பட்டினி என்றார் இவர். பிறகு, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு மனைவி வைத்துவிட்டார்.

வாயில் மேலாளர் நடுவயதுப் பெண்மணி. கொடியவர் அல்லர். அரைக்கண்ணுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். சாவி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். கிடைத்தது என்றார் அரைக்கண். யார் கொடுத்தது என்று கேட்டார். அரைக்கண் மேசையைப் பார்த்தார்.

“நீங்க பேசலைன்னா திருட்டுன்னுதான் நான் எடுத்துக்கணும். திருட்டுன்னா பாஸ் ஆயுசுக்கும் கிடையாது, எந்த வாசல்லயும். புரியுதுங்களா?”

“புரியுதுங்க.”

“உள்ள ஆளில்லாத வண்டிங்க ஓடுது. இந்த வண்டில இன்னார் உக்காந்திருக்காருன்னு நம்பித்தான் அதெல்லாம் ஓடுது. ஆள் மாறினா உயிர் போகும். உங்கமேல எனக்கு என்ன கோவம்?”

அவர் சொன்னது நியாயம். அரைக்கண் தலையசைத்தார். அப்படித் தலையசைத்த மனிதரிடம் மேலாளருக்கு மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஊர்வலத்தை உள்ளே அழைத்தார்.

இருவரையும் காலையிலிருந்து சந்திக்க விட்டிருக்கவில்லை. ஊர்வலம் உள்ளே வந்ததும், வாயைத் திறக்காதே என்று அரைக்கண் கண்ணால் கெஞ்சினார். திறக்காமலிருந்தால் ஊர்வலத்துக்கு ஒரு சேதமும் இல்லை. வண்டியைப் பறிகொடுத்த அப்பாவியாக வீட்டுக்குப் போகலாம். மேலாளரும் அதற்கு வழிசெய்வதுபோலத்தான் கேட்டார்: சாவியை எங்கேயாவது தவறவிட்டுவிட்டீர்களா?

“தவறவிடல மேடம். மறக்கவும் இல்ல. வண்டிலயே விட்டுட்டுதான் போனேன்.”

“விதி தெரியும்ல? பின்ன ஏன் விட்டுட்டுப் போனீங்க?”

ஊர்வலம் இந்தக் கேள்வியையே விளங்காத கேள்வியாகப் பார்த்தார். அரைக்கண்ணைக் கைகாட்டினார்.

“பின்னால இவன் இருந்தானே.”

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். சன்னல் வழியாக வாயிலைப் பார்த்தார். ஆனால் இருவருடைய அட்டைகளையும் திருப்பித் தரும் அதிகாரம் அவர் வகித்த நாற்காலிக்கு இல்லை. திருட்டு என்ற சொல்லை மட்டும் அவரால் நீக்க முடிந்தது, நீக்கினார். விதியை மீறிச் சாவியை விட்டவர் என்று ஒருவருக்கும், விதியை மீறி வண்டியைத் தொட்டவர் என்று மற்றவருக்கும், ஆறு மாத முடக்கம். இரண்டு அட்டைகளும் ஒரே இழுப்பறைக்குள் போயின.

இருவரும் நடந்து வெளியே வந்தார்கள். வெளிவாசல்வரை பொறுமையாக இருந்த அரைக்கண் அங்கே வெடித்தார்.

“வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல? என் பொண்ணு உங்க வீட்லதானடா இருக்கா?”

“என் மருமகளும் அங்கதான் இருக்கா. அவங்கப்பன திருடன்னு எழுதவிட்டுட்டு வந்து உக்காந்தா, அவ போடற சோறு எனக்கு எறங்குமா?”

அதற்குள் மகளே தொலைபேசியில் அழைத்தாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டாள், ஆறு மாதம் இரண்டு அப்பாக்களும் வேலை இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டு அம்மாக்களையும் யார் சமாளிப்பது என்று கேட்டாள். பிறகு, தானே வேலைக்குப் போகப்போவதாகவும், ஏற்கெனவே ஓரிடத்தில் பேசிவைத்திருப்பதாகவும் சொன்னாள். அழுதாளா என்பது தெரியவில்லை. குரல் நேராகவே இருந்தது.

வெள்ளை மதில் ஓரமாக நடந்தார்கள். முன்பு வரிசை நின்ற அதே ஓரம். லாரிகள் தத்தம் நேரத்துக்கு ஒவ்வொன்றாக ஓசையின்றிக் கடந்தன; எந்தச் சன்னலும் இறங்கவில்லை. ஊர்வலம் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“காத்து நல்லாத்தான்டா இருக்கு.”

“ம்” என்றார் அரைக்கண். “நல்லாத்தான் இருக்கு.”

காற்றை மீட்டவர்களைக் குறை சொல்ல இந்தக் கதையில் இடமில்லை. அவர்கள் வரிசையில் நின்ற புகையை அளந்தார்கள், எரிந்த டீசலை அளந்தார்கள், வீணான நேரத்தை அளந்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரே ஒருவரைக்கூடக் கூப்பிட்டு, இங்கே நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒருவர் வண்டியை இன்னொருவர் பாதுகாப்பாக நகர்த்திக் கொடுக்க அந்தக் கேமராவுக்கே ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஒரு வண்டிக்கு இரண்டு முகங்களைக் காட்டி வைப்பது அவ்வளவு பெரிய வேலையன்று.

வாசகரே, உங்கள் கூடத்தில் இருக்கும் பொருள்களில் பாதி, இப்படி ஒரு வாயில் வழியாக, இப்படி ஒருவர் இழுத்து வந்த பெட்டியில் வந்தவை. ஆகவே இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் ஊர் வாயிலில் விதி எழுதுபவர் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் போங்கள். எழுதுகோலை வைத்துவிட்டு முதலில் வாசலுக்கு இறங்கி வந்து அங்கே நிற்பவர்களோடு பேசச் சொல்லுங்கள். ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டேன் என்பாரானால், திருத்தி எழுதும்வரை அவருடைய மேசையை விட்டு நகராதீர்கள்.